ஸ்டெப்னி எங்கே இருக்கணும்?

காருக்கு காஸ் கிட் மாட்டப் போகிறோம் என்று என் கணவர் சொன்னபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். தாம்பரத்திலிருந்து ஒரகடத்துக்குத் தினமும் போய் வருகிறவர். மாதக் கடைசியில் பெட்ரோல் கணக்கைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். சி.என்.ஜி. போட்டால் அந்தச் செலவு பாதியாகக் குறையும் என்றார். "மிச்சமாகிறதை உன் கையிலேயே கொடுத்துடறேன்" என்று வேறு சொல்லிவிட்டார். எந்தப் பெண்டாட்டி வேண்டாம் என்பாள்?

மூன்றாம் நாள் ஒர்க் ஷாப்பிலிருந்து வண்டி வந்தது. டிக்கியைத் திறந்தால் ஓர் எருமைக்கன்று படுத்திருப்பது போலக் குறுக்கே சிலிண்டர். 60 லிட்டர் கொள்ளளவு. முழுக்க நிரப்பினால் உள்ளே 200 பார் அழுத்தம். அதாவது கார் டயரில் இருக்கிற காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு! அதனால் கனமான உருக்கில் செய்து, இரும்புப் பட்டை போட்டு, அசையாமல் முடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் சரி. ஆனால் பின் சீட்டில் ஒரு பழைய கோணியில் சுற்றி உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? நம்ம ஸ்டெப்னி!

"இது ஏன் இங்கே இருக்கு?" என்றேன்.

"சிலிண்டர் ஸ்டாண்டு அந்தக் குழிக்கு மேலேயே வந்துடுச்சாம். ஸ்டெப்னியை உள்ளே வச்சா அவசரத்துக்கு வெளியே எடுக்க முடியாதாம். அதான் எடுத்துக் கொடுத்துட்டாங்க. இந்தக் காலத்திலே யார் ஸ்டெப்னி வச்சுக்கிறாங்கன்னு கேக்கறாங்க."

அன்று ஆரம்பித்தது எங்கள் வீட்டுப் பட்டிமன்றம். ஸ்டெப்னி காரில் இருக்கணுமா, மொட்டை மாடியில் இருக்கணுமா?

அவர் கட்சிக்கு வாதம் இல்லாமல் இல்லை. இப்போதெல்லாம் ட்யூப்லெஸ் டயர். ஆணி குத்தினால் டக்கென்று காற்று இறங்காது, மெதுவாகத்தான் இறங்கும். பக்கத்துக் கடை வரை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். பஞ்சர் ஒட்டும் கிட்டும், காற்றடிக்கிற சின்ன மெஷினும் வாங்கி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார். இன்ஷூரன்சோடு சாலையோர உதவியும் எடுத்திருக்கிறோம். போன் போட்டால் ஆள் வருவார்கள். கடைசியாக ஒரு சட்டப் புள்ளியையும் எடுத்து வீசினார். "கவர்ன்மெண்டே ஸ்டெப்னி வேண்டாம்னு சொல்லிடுச்சு, தெரியுமா?"

என் மாமியார் அதிகம் பேச மாட்டார். "கட்டுச்சாதம் கட்டிக்காம வழிக்குக் கிளம்பற மாதிரி இருக்குடா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அரசாங்கம் அப்படிச் சொன்னதா என்று நானும் விசாரித்தேன். சொன்னது உண்மை. 2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. மூன்றரை டன்னுக்கு மேற்படாத பயணிகள் காரில் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றது. மின்சாரக் காரில் பெரிய பேட்டரி வைக்க இடம் கிடைக்கும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆனால் அந்தச் சலுகை மூன்று நிபந்தனைகளோடு வருகிறது. டயர் ட்யூப்லெஸ்ஸாக இருக்க வேண்டும். காற்று குறைந்தால் டிரைவருக்குக் காட்டுகிற கருவி இருக்க வேண்டும். ஓட்டையை அடைக்கிற கிட்டும் இருக்க வேண்டும். எங்கள் பழைய வண்டியில் முதலாவதும் மூன்றாவதும் இருந்தன, இரண்டாவது இல்லை. மூன்றில் இரண்டை வைத்துக்கொண்டு, "சர்க்கார் வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றால் எப்படி? மருந்துச் சீட்டில் பாதியை மட்டும் படித்துவிட்டு மாத்திரை விழுங்குகிற மாதிரிதான்.

இந்த ஸ்டெப்னி என்ற பேர் எங்கிருந்து வந்தது என்று என் பெண் கேட்டாள். அது ஒரு தெருவின் பேர்! கார்கள் புதிதாக வந்த நாளில் அவற்றில் உபரிச் சக்கரமே கிடையாது. பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து டயரைக் கழற்றி ஒட்ட வேண்டியதுதான். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் அதற்கு ஒரு வழி கண்டார்கள். காற்றடித்த டயரோடு கூடிய ஒரு வளையத்தைப் பஞ்சரான சக்கரத்தின் பக்கத்தில் கவ்விக்கொள்ளும்படி செய்து விற்றார்கள். கம்பெனிக்கும் தெருவின் பேரையே வைத்தார்கள். கம்பெனி போய்விட்டது, பேர் மட்டும் நம் ஊர் பஞ்சர் கடை வரை வந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன். பட்டிமன்றம் தீர்ப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தபோதே சித்திரை மாதம் திருவண்ணாமலையில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து வந்தது. இவர், முன் சீட்டில் மாமியார், பின்னால் நான், என் பெண், ஏழு மாதக் கைக்குழந்தையோடு என் நாத்தனார். விசேஷம் முடிந்ததும், "சாப்பாட்டுக்கு நின்னா நேரமாயிடும், திண்டிவனத்திலே பார்த்துக்கலாம்" என்று பகல் பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிட்டோம். கீழ்பென்னாத்தூர் தாண்டி செஞ்சிக்கு வருகிற வழியில், எதிரே ஒரு பஸ் இன்னொன்றை முந்திக்கொண்டு வந்தது. இவர் வண்டியை இடது பக்கம் ஒதுக்கினார். உடைந்த சிறுபாலத்தின் கல் ஒன்று முன் டயரின் பக்கவாட்டைக் கீறிவிட்டது. வெள்ளரிப் பிஞ்சைக் கத்தியால் கீறினது போல நாலு விரல் நீளம்.

பஞ்சர் கிட் தரையில் படுகிற பாகத்தில் ஆணி குத்திய சின்ன ஓட்டையைத்தான் அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கேயே தெரிந்துவிட்டது.

போன் போட்டோம். ஒன்றரை மணி நேரத்தில் வருவோம் என்றார்கள். வர இரண்டரை மணி ஆயிற்று. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வந்த டிரைவர் தங்கமான பிள்ளை. வண்டியைப் பூப் போல மேலே ஏற்றினார். ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "கேபின்லே ரெண்டு பேர்தான் ஏறலாம்மா" என்றார்.

அந்த நிமிஷம்தான் எனக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. சாலையோர உதவி காரைத் தூக்கிக்கொண்டு போக வருகிறது. காரில் வந்தவர்களைத் தூக்கிக்கொண்டு போக வருவதில்லை!

அதற்குள் நாங்கள் பட்டது தனிக் கதை. ரோட்டோரப் புளியமரம்தான் நிழல். ஒரு டீக்கடை. குழந்தை வெயிலில் சிணுங்கிக்கொண்டே இருந்தது. டீக்கடை அம்மாள் ஒரு பழைய புடவையைக் கட்டி மறைப்பு போட்டுக் கொடுத்தார். நாத்தனார் உள்ளே உட்கார்ந்து அரை மணிக்கு ஒருதரம் பால் கொடுத்தாள். இரண்டு மணி வாக்கில் மாமியாருக்குக் குப்பென்று வேர்த்தது, கை நடுங்கியது. "தலை சுத்துதும்மா" என்றார். சர்க்கரை வியாதிக்காரர். காலையில் மாத்திரை போட்டாயிற்று. மத்தியானச் சாப்பாடு இல்லை. சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. டீக்கடையிலேயே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்தார். அப்புறம் நாலு பிஸ்கட். (சர்க்கரைக்காக மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் வீட்டிலிருந்தால், காரில் எப்போதும் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். மயங்கி விழுந்துவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; உடனே 108-க்குச் சொல்லுங்கள்.)

இவரும் காரும் லாரியில் செஞ்சிக்குப் போனார்கள். நாங்கள் நாலு பெண்களும் குழந்தையும் பையும் பொட்டலமுமாக பஸ் பிடித்துப் பின்னால் போனோம். எங்கள் அளவு டயர் அங்கே கிடைக்கவில்லை. திண்டிவனத்திலிருந்து வரவழைத்து மாட்டினார்கள். தாம்பரம் வந்து சேர இரவு மணி பத்தரை. அதே அளவு டயர், காற்றும் குறையாமல், எங்கள் மொட்டை மாடியில் படுத்திருந்தது.

அடுத்த நாள் இவர் ஒரு கணக்கு சொன்னார். "ஆறு வருஷத்திலே நடுவழியிலே நின்னது இந்த ஒரு தடவைதான். ஒரு தடவைக்காக வருஷம் முழுக்க 15 கிலோவைச் சுமக்கணுமா?"

கணக்கு தப்பில்லை. ஆனால் கேள்வி அதுவல்ல என்று எனக்குத் தோன்றியது. எத்தனை தரம் பஞ்சராகும் என்று கேட்கக் கூடாது. ஒரே ஒரு தரம் ஆனால், ரோட்டில் யார் உட்காருவார்கள் என்று கேட்க வேண்டும். இவர் தனியாக ஒரகடம் போகிற வழியில் டயர் கிழிந்தால் என்ன ஆகும்? ஆட்டோ பிடித்து ஆபீஸ் போவார். சாயங்காலம் வந்து வண்டியைப் பார்ப்பார். அவருக்கு அரை நாள் தொந்தரவு. அவ்வளவுதான். அதே டயர் கைக்குழந்தையும் சர்க்கரைக்காரரும் இருக்கிறபோது கிழிந்தால் அது வெறும் தொந்தரவு இல்லை, ஆபத்து. டயர் ஒன்றுதான், உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் வேறே.

டிக்கியில் இடம் போதவில்லை என்றால் முதலில் வெளியே போகிற சாமான், தினமும் உபயோகப்படாத சாமான். வீட்டுப் பரணிலும் அப்படித்தானே செய்கிறோம்? ஆனால் முதலுதவிப் பெட்டியைத் தினமும் தொடுவதில்லை என்பதற்காகத் தூக்கிப் போடுகிறோமா என்ன?

இப்படிப் பேசிப் பேசி, எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஊருக்குள்ளே, அவர் ஆபீசுக்குப் போகிற நாளில், ஸ்டெப்னி வீட்டில். கிட் போதும். வெளியூர் என்றால், அதிலும் குழந்தையோ வயசானவர்களோ ஏறினால், ஸ்டெப்னி வண்டியில். அதற்காக இரண்டு பெட்டிகளில் ஒன்று குறைந்தது. ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி குறைத்தோம். ஊரிலிருந்து அரிசி மூட்டை கொண்டு வருவதை நிறுத்தினோம். ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

எங்கே வைப்பது என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். சும்மா உருட்டி விட்டுவிடக் கூடாது. திடீர் பிரேக் போட்டால் 15 கிலோ சக்கரம் பின் சீட்டு முதுகில் வந்து மோதும். சிலிண்டரின் வால்விலோ குழாயிலோ அது இடிக்கவே கூடாது. கிட் மாட்டுகிற உரிமம் உள்ள வேறொரு ஒர்க் ஷாப்பில் காட்டினோம். சிலிண்டருக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து பெல்ட்டால் இறுக்குவதற்கு இரண்டு கொக்கி போட்டுக் கொடுத்தார்கள். நாமாக சிலிண்டர் ஸ்டாண்டைத் தொடவே கூடாது என்று கண்டித்துச் சொன்னார்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் சிலிண்டருக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தன. அவற்றையும் வெளியே எடுத்து, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தோம். ஸ்டெப்னி இருந்து ஜாக்கி இல்லை என்றால் என்ன பிரயோஜனம்?

இனிமேல் காஸ் கிட் போடப் போகிறவர்கள், மாட்டுவதற்கு முன்னாலேயே இதைக் கேட்டுவிடுங்கள். "ஸ்டெப்னி எங்கே வரும், எப்படி எடுக்கிறது, எடுத்துக் காட்டுங்க." கம்பெனியிலிருந்தே சி.என்.ஜி.யோடு வருகிற வண்டிகளில் இதை யோசித்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 2023-ல் டாட்டா கம்பெனி அல்ட்ராஸ் காரில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு சின்னச் சிலிண்டர்களை டிக்கியின் தரைக்குக் கீழே வைத்தது; ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் போயிற்று. கிட் போட்டதை ஆர்.சி.யில் ஏற்றவும், இன்ஷூரன்சுக்குச் சொல்லவும் மறக்க வேண்டாம். சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

என் அண்ணன் பிள்ளை வேறு விதமாக வண்டியை மாற்றியிருக்கிறான். அழகுக்காகப் பெரிய அலாய் வீல். டிக்கியில் இருப்பதோ பழைய சின்னச் சக்கரம். அப்படி அளவு மாறினால் அந்த ஸ்டெப்னி பக்கத்துக் கடை வரை மெதுவாகப் போகத்தான். அலாய் வீலின் நட்டு பழைய இரும்புச் சக்கரத்துக்குப் பொருந்தாமலும் போகலாம். வீட்டு வாசலில் ஒருதரம் மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஸ்டெப்னி வண்டியில் இருந்தால் மட்டும் போதாது. எங்கள் எதிர் வீட்டுக்காரர் நடுவழியில் ஸ்டெப்னியை எடுத்தால் அதில் காற்றே இல்லை! காற்றடிக்கிற இடத்தில் நாலு சக்கரத்தோடு நிறுத்திவிடுகிறோம். "அஞ்சாவதையும் பாருப்பா" என்று மாதம் ஒருதரம் கேட்டு வாங்க வேண்டும். ஓடாத டயருக்கும் வயசாகும். டயரின் பக்கவாட்டில் சின்னக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். அஞ்சு வருஷம் தாண்டினால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருஷமானால், புதுசு போல இருந்தாலும் வேண்டாம்.

வீட்டில் வைக்கிற நாளில் மாடியில் வெட்டவெளியில் போடாதீர்கள். முதல் மழைக்கே எங்கள் ஸ்டெப்னியின் நடுக்குழியில் தண்ணீர் தேங்கிவிட்டது. டெங்கு தடுப்புக்கு வந்த பெண் டார்ச் அடித்துக் காட்டினாள், புழு நெளிந்தது! டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்கு டயரில் தேங்கும் நீர் என்றால் மாமியார் வீட்டு விருந்து மாதிரி. பத்து நாளுக்குள் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஒட்டியிருக்கிற முட்டை காய்ந்து மாதக்கணக்கில் கிடந்து, அடுத்த மழைக்கு உயிர் பெறும். தேய்த்துக் கழுவி, கூரைக்குக் கீழே வைத்து மூட வேண்டும்.

இன்னொன்று. சக்கரம் மாற்ற நானும் கற்றுக்கொண்டேன். ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எல்லோரையும் இறக்கி, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுக்க வேண்டும். ஜாக்கி வைப்பதற்கு முன்பே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட வேண்டும். கைக்கு வரவில்லை என்றால் ஸ்பேனரைக் காலால் அழுத்தலாம், வந்துவிடும். பிறகு ஜாக்கியைக் குறித்த இடத்தில் வைத்துத் தூக்கணும். வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டவே கூடாது. புதுச் சக்கரத்தின் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, இறக்கிய பின் ஒருதரம் நன்றாக இறுக்க வேண்டும். 50 கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு தரம் பார்த்துவிட்டால் மனசுக்கு நிம்மதி. முதல் தடவை எனக்கு 40 நிமிஷம் ஆயிற்று. இப்போது 20.

ராத்திரியோ, லாரிகள் பறக்கிற பெரிய ரோடோ என்றால் அங்கே மாற்றவே வேண்டாம். விளக்கைச் சிமிட்ட விட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, குழந்தைகளோடு ரோட்டை விட்டு விலகிப் போய் நில்லுங்கள். நின்ற காருக்குள் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய ஆபத்து. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணுக்கு எந்நேரமும் உதவி கேட்கலாம்.

அடுத்த முறை வெளியூர் கிளம்பும்போது, "டிக்கியிலே இடம் இருக்கா?" என்று கேட்பதற்கு முன்னால், "இன்னிக்கு வண்டியிலே யார் யார் வராங்க?" என்று விரல் விட்டு எண்ணுங்கள். கைக்குழந்தை உண்டா, கர்ப்பிணி உண்டா, வேளைக்கு மருந்து சாப்பிடுகிற பெரியவர் உண்டா? ஒருத்தர் இருந்தாலும் அந்த ஐந்தாவது சக்கரத்துக்கு இடம் கொடுத்துவிட்டு, மீதி இடத்தில் பெட்டியை அடுக்குங்கள்.